பழைய பெட்டியும் புதிய அஞ்சல் நிலையமும்



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் நாம் நாள்தோறும் கையாளும் சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. எழுதுகோலுக்கு உண்டு; தபால் தலைக்கு உண்டு; மின்னஞ்சலுக்கும் உண்டு. அந்த மின்னஞ்சலின் வரலாற்றில் ஒரு பகுதியை மட்டும் இன்று உங்களுடன் எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். பழைய அஞ்சல் மென்பொருள் ஒன்று, புதிய அஞ்சல் சர்வர் ஒன்றோடு பேச முற்படும்போது என்ன நிகழ்கிறது? சில வேளைகளில் அது வரவேற்கப்படுவதும், சில வேளைகளில் வாயிலிலேயே நிறுத்தப்படுவதும் ஏன்?

இக்கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை என் பழைய கணிப்பொறியைத் திறந்து, வழக்கம்போலக் கடிதங்களைக் கொண்டுவருமாறு கட்டளையிட்டேன். ‘சர்வரோடு இணைய இயலவில்லை’ என்ற ஒரு வரியே விடையாக வந்தது. முதல் நாள் இரவு வரை செவ்வனே பணியாற்றிய மென்பொருள் அது. அதில் நான் எதையும் மாற்றவில்லை. கடவுச்சொல் மாறவில்லை, இணையத் தொடர்பும் அறுபடவில்லை. அந்தக் கணிப்பொறியில் என் பழைய மாணவர்கள் பல ஆண்டுகளாக எனக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. அவற்றின் பிரதி வேறெங்கும் இல்லை. ஆகவே, மாறாத பொருள் ஒன்று ஒரே இரவில் எவ்வாறு பழுதாயிற்று என்னும் கேள்வி என்னை உறங்கவிடவில்லை.

இதற்கு விடை காண, முதலில் இருவரை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஒன்று, நம் மேசைமேல் உள்ள அஞ்சல் மென்பொருள். கடிதம் எழுதவும், படிக்கவும், அடுக்கி வைக்கவும் உதவுவது அது. மற்றொன்று, எங்கோ ஒரு கட்டிடத்தில் இரவு பகல் ஓயாமல் விழித்திருந்து, பலருடைய கடிதங்களையும் வாங்கி வைத்து வழங்கும் கணிப்பொறி. இதனைச் சர்வர் என்கிறோம். முன்னது வீட்டுக் கடிதப் பெட்டி. பின்னது அஞ்சல் நிலையம். இவ்விரண்டையும் ஒரே நிறுவனம் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே காலத்தில் செய்திருக்க வேண்டும் என்பதுமில்லை. இவற்றை இணைப்பது ஒரு மொழி. இன்ன சொல்லுக்கு இன்ன விடை என்று முன்கூட்டியே எழுதிவைத்த உடன்படிக்கை அது. அதற்கு நெறிமுறை என்று பெயர். இனி, அந்த நெறிமுறை பிறந்து வளர்ந்த கதையைக் காண்போம்.

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு பெரிய கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தி வந்தனர். அவர்களுள் ஒருவர் மற்றொருவருக்குச் செய்தி விட்டுச்செல்ல ஒரு கட்டளை அமைக்கப்பட்டது. ஆனால் அனுப்புபவரும் பெறுபவரும் அந்த ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்துவோராக இருக்க வேண்டும். ஒரே வீட்டிற்குள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் சீட்டு அனுப்புவதைப் போன்றது அது. 1969இல் அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு தோன்றியது. 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர், அவ்வலையின் வழியாக ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்திற்கு முதன்முதலாகக் கடிதம் அனுப்பினார். இரண்டு இயந்திரங்களும் ஒரே அறையில் அருகருகே நின்றவைதாம். ஆனால் கடிதம் வலையின் வழியே சென்று சேர்ந்தது. ஆளின் பெயரையும் இயந்திரத்தின் பெயரையும் பிரித்துக்காட்ட அவர் தேர்ந்தெடுத்த வளைந்த குறியே இன்றும் நம் முகவரிகளின் நடுவில் நிற்கிறது.

இயந்திரங்கள் பெருகின. ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றியவாறு பேசினால் கடிதம் போய்ச் சேராது. ஆகவே பொதுவிதி வேண்டியதாயிற்று. அக்காலத்து ஆராய்ச்சியாளர்கள் தம் விதிகளை வரிசை எண்ணிட்ட ஆவணங்களாக எழுதி வெளியிட்டனர். ‘கருத்துரை வேண்டுதல்’ என்பது அவ்வரிசையின் பெயர், ஆர்.எஃப்.சி. என்று சுருக்கமாகச் சொல்வர். 1969இல் தொடங்கிய அவ்வரிசை இன்றும் வளர்கிறது. அதனை எவரும் விலையின்றிப் படிக்கலாம். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் இதற்கு மீண்டும் வருவேன்.

1982ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அவ்வரிசையின் 821ஆம் ஆவணமாக, ஜான் போஸ்டல் என்பார் எழுதிய எளிய அஞ்சல் மாற்று நெறிமுறை வெளியாயிற்று. எஸ்.எம்.டி.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். அந்நெறிமுறையைப் படித்தால் இரு மனிதர்கள் உரையாடுவதைப் போலவே இருக்கும். இணைப்புக் கிடைத்தவுடன் சர்வர் ‘220’ என்று சொல்லும். ஆயத்தமாக இருக்கிறேன் என்பது அதன் பொருள். வந்த இயந்திரம் ‘ஹெலோ’ என்று வணக்கம் கூறித் தன் பெயரைச் சொல்லும். ‘250’ என்று விடை வரும். சரி என்பது பொருள். பிறகு அனுப்புபவர் யார், பெறுபவர் யார் என்று வரிசையாகச் சொல்லிக் கடிதத்தை ஒப்படைக்கும். தனி வரியில் ஒற்றைப் புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது. தெரியாத சொல்லைக் கேட்டால் சர்வர் ‘500’ என்னும். புரியவில்லை என்பது பொருள். இந்த ‘500’ என்னும் சிறு விடை பின்னாளில் பெரும்பணி ஆற்றியது. அதனைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

போஸ்டல் அவர்கள் வலையமைப்பின் விதிகளை எழுதியபோது ஓர் அறநெறியையும் அதில் சேர்த்தார். நீ அனுப்புவதில் கண்டிப்பாக இரு. பிறர் அனுப்புவதை ஏற்பதில் தாராளமாக இரு என்பது அதன் கருத்து. பழையதும் புதியதும் கூடி வாழ இதனைவிடச் சிறந்த விதி வேண்டுமோ? பல ஆண்டுகள் இணைய உலகம் இவ்விதியைப் போற்றியே வளர்ந்தது.

தாராளத்திற்கு மாறான வழி எத்தகையது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1983ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், அர்ப்பாநெட்டில் இருந்த எல்லா இயந்திரங்களும் பழைய அடிப்படை நெறிமுறையைக் கைவிட்டு, டி.சி.பி., ஐ.பி. என்னும் புதிய நெறிமுறைக்கு மாற வேண்டும் என்று நாள் குறிக்கப்பட்டது. மாறாத இயந்திரம் வலையிலிருந்து அறுபடும். அன்று இருந்தவை சில நூறு இயந்திரங்களே. அவற்றை நடத்தியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆதலின் அது இயன்றது. பின்னாளில் இயந்திரங்கள் கோடிக்கணக்காயின. ஒரே நாளில் எல்லாரும் மாறுக என்று கட்டளையிட எவராலும் இயலவில்லை. ஆகவே பழையதை அணைத்துக்கொண்டே புதியதைக் கொணரும் வழி ஒன்றே எஞ்சியது.

இதற்கிடையில் மேசைக் கணிப்பொறிகள் பரவின. இவை எப்போதும் விழித்திருப்பவையல்ல, மாலையில் அணைக்கப்படுபவை. ஆகவே கடிதங்கள் சர்வரிலேயே காத்திருக்க, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் முறை தேவைப்பட்டது. 1984இல் பாப் என்னும் நெறிமுறையின் முதல் வடிவமும், 1988இல் அதன் மூன்றாம் வடிவமும் வெளியாயின. பாப் முறை வழக்கமாகக் கடிதங்களை நம் கணிப்பொறிக்குக் கொண்டுவந்து, சர்வரில் உள்ளவற்றை அழித்துவிடும். அஞ்சல் நிலையத்திலிருந்து கடிதத்தை வீட்டிற்கு எடுத்துவருவது போன்றது இது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் 1986இல் வகுத்த ஐமேப் முறையோ, கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு அங்கேயே படிக்கச் செய்வது. பழைய கடிதங்களைக் காக்க விரும்புவோர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். பாப் முறையைக் கையாண்டவருடைய கடிதங்கள் பெரும்பாலும் அவருடைய இயந்திரம் ஒன்றிலேயே இருக்கும். என் கடிதங்களும் அவ்வாறே இருந்தன.

அக்காலத்துப் புகழ்பெற்ற அஞ்சல் மென்பொருள்களுள் ஒன்று யூடோரா. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் என்பார் 1988இல் அதனை உருவாக்கினார். அஞ்சல் நிலையத்தில் வாழும் ஒரு பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதிய யூடோரா வெல்ட்டி என்னும் எழுத்தாளரின் பெயரையே அதற்குச் சூட்டினார். பின்னர் 1997இல், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் இணைய உலாவியோடு அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்னும் மென்பொருளை இலவசமாக வழங்கியது. நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய சேவையைத் தொடங்கியது. அதன்பின் மின்னஞ்சல் கற்றுக்கொண்ட பலர் இத்தகைய மென்பொருள்களிலேயே தம் முதற்கடிதத்தை எழுதினர்.

ஆனால் அந்தப் பழைய நெறிமுறைக்கு ஒரு குறை இருந்தது. அது அறிந்தவை 128 குறிகளே. ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில அடையாளங்களும் மட்டுமே அவற்றுள் அடங்கும். தமிழ் எழுத்துக்கோ படத்திற்கோ அங்கு இடமில்லை. வலையெங்கும் இருந்த சர்வர்களையெல்லாம் மாற்றுவது நடவாத செயல். 1992இல் நேதனியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்னும் இருவரும் மைம் என்னும் முறையை வகுத்து இதற்கு வழி கண்டனர். புதிய பொருளைப் பழைய உடையில் அனுப்புவதே அம்முறை. எடுத்துக்காட்டாக, ‘அ’ என்னும் நம் முதலெழுத்து இன்றைய யூனிக்கோடு முறையில் மூன்று பைட்டுகளாகும். அம்மூன்றையும் ‘4, கே, 6, எஃப்’ என்னும் நான்கு எளிய குறிகளாக மாற்றி அனுப்பலாம். வழியிலுள்ள பழைய சர்வர் அதனை ஆங்கில எழுத்தென்றே எண்ணிக் கடத்திவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் புதிய மென்பொருள் அதனை மீண்டும் ‘அ’ ஆக்கிக் காட்டும். பழையதற்குத் துன்பமில்லை, புதியதற்குத் தடையுமில்லை. நாம் இன்று தமிழில் மின்னஞ்சல் எழுதுவதற்கு இவ்வேற்பாடு வழிகோலியது.

அடுத்த ஆண்டே, 1993இல், மற்றோர் அழகிய ஏற்பாடு வந்தது. வணக்கச் சொல்லான ‘எச், ஈ, எல், ஓ’ என்பதன் முதலிரண்டு எழுத்துகளை இடம் மாற்றி, ‘ஈ, எச், எல், ஓ’ என்று புதிய வணக்கம் ஒன்றை உண்டாக்கினர். புதிய மென்பொருள் இப்புதிய வணக்கத்தைக் கூறும். சர்வரும் புதியதாயின், ‘நான் இன்னின்ன செய்ய வல்லேன்’ என்று தன் திறமைகளைப் பட்டியலிட்டு விடை தரும். சர்வர் பழையதாயின், முன்பு சொன்னேனே, அந்த ‘500’ என்னும் விடையைத் தரும். உடனே வந்தவர் பழைய வணக்கத்தைக் கூறிப் பழைய முறையிலேயே உரையாடலைத் தொடர்வார். புதியவர் பழையவரிடம் அவருக்குத் தெரிந்த மொழியில் பேசுவது நம் வீடுகளிலும் உள்ள பண்பன்றோ? பாட்டனாரிடம் பேசும் பேரன் தன் கல்லூரிச் சொற்களைச் சற்றே ஒதுக்கி வைக்கிறான்; அதுபோன்றதே இது.

இதுவரை நாம் கண்டது நல்லிணக்கத்தின் வரலாறு. இனிக் காணப்போவது அந்த நல்லிணக்கமே ஆபத்தாக மாறிய வரலாறு.

பழைய நெறிமுறைகள் ஒருவரையொருவர் நம்பும் சிறு கூட்டத்திற்காக எழுதப்பட்டவை. பாப் முறையில் பயனாளியின் பெயரும் கடவுச்சொல்லும் திறந்த அஞ்சலட்டையில் எழுதியவை போல வலையில் சென்றன. வழியில் ஒற்றுக் கேட்பவன் எவனும் அவற்றைப் படிக்கலாம். கடிதம் அனுப்புபவர் தாம் யாரென்று மெய்ப்பிக்கவும் தேவையிருக்கவில்லை. 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மாரிஸ் புழு என்று பெயர் பெற்ற புரோகிராம் ஒன்று ஆயிரக்கணக்கான இயந்திரங்களை முடக்கியது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று அஞ்சல் சர்வரில் திறந்திருந்த ஓர் ஓட்டையே. கதவைத் தாழிடாமல் உறங்கும் சிற்றூராக இருந்த வலை, முன்பின் அறியாதார் நடமாடும் பெருநகரமாக மாறிவிட்டது.

ஆகவே உரையாடலை மறையாக்கம் செய்யும் முறை வந்தது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் எஸ்.எஸ்.எல். என்னும் முறையின் இரண்டாம் வடிவத்தையும், 1996இல் மூன்றாம் வடிவத்தையும் தந்தது. 1999இல் அதன் வழித்தோன்றலாக டி.எல்.எஸ். முதல் வடிவம் வெளியாயிற்று. 2006இல் 1.1, 2008இல் 1.2, 2018இல் 1.3 என்று அது வளர்ந்தது. ஒவ்வொரு வடிவமும் முந்தையதன் பலவீனம் ஒன்றைக் களைந்தது. இங்கும் பழைய பண்பே பின்பற்றப்பட்டது. எதிரே உள்ளவருக்குப் புதிய வடிவம் தெரியாவிடில், பழைய வடிவத்திற்கு இறங்கி வந்து பேசினர்.

பகைவன் இந்தப் பண்பையே பயன்படுத்திக்கொண்டான். 2014ஆம் ஆண்டு அக்டோபரில் ‘பூடில்’ என்னும் தாக்குதல் முறை வெளிப்படுத்தப்பட்டது. இணைய உலாவியும் சர்வரும் இரண்டுமே புதியவை என்று கொள்வோம். நடுவில் நிற்பவன் அவற்றின் பேச்சைக் கெடுத்து, எதிரே உள்ளவர் பழையவர் போலும் என்று எண்ணச் செய்கிறான். உடனே, பெருந்தன்மையோடு, இருவரும் எஸ்.எஸ்.எல். மூன்றாம் வடிவத்திற்கு இறங்கி வருகின்றனர். அந்தப் பழைய வடிவத்தின் ஓட்டை வழியே அவன் மறைபொருளைச் சிறிது சிறிதாக எடுத்துவிடுகிறான். கிழவருக்காகத் திறந்து வைத்த புறக்கடைக் கதவின் வழியே கள்வன் நுழைந்த கதையாயிற்று.

மாணவர்களே, இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே. 1993இன் வணக்கமும் 2014இன் ஓட்டையும் ஒரே குணத்தின் இரண்டு பயன்கள். தெரியாதவருக்காக இறங்கி வருதல், நம்பிக்கை நிலவும் இடத்தில் பண்பு. நம்பிக்கை இல்லாத இடத்தில் அதுவே பலவீனம். இதனை உணர்ந்த வல்லுநர்கள் கதவுகளை ஒவ்வொன்றாக மூடினர். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் எஸ்.எஸ்.எல். மூன்றாம் வடிவம் விலக்கப்பட்டது. 2018 ஜனவரியில், மறையாக்கமின்றிக் கடிதம் எடுத்தலும் அனுப்புதலும் கைவிடத்தக்கவை என்று அறிவிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் டி.எல்.எஸ். 1.0, 1.1 ஆகிய இரண்டும் விலக்கப்பட்டன.

இதனால் பழைய மென்பொருளுக்கு நேர்ந்ததென்ன? விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வெளிவந்தது. அதனுடன் வரும் மறையாக்கப் பகுதிக்கு டி.எல்.எஸ். 1.0 வரையில்தான் தெரியும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தனக்கென மறையாக்கம் செய்வதில்லை, அப்பகுதியையே நம்பியிருக்கிறது. ஆகவே அந்த மென்பொருளை நூறு முறை நீக்கி நிறுவினாலும் அது புதிய மொழியைக் கற்காது. சர்வர் 1.2ஐக் கேட்கிறது, இதற்குத் தெரிந்ததோ 1.0. இருவருக்கும் பொதுமொழி இல்லை; பேச்சு வணக்கத்திலேயே முறிகிறது. என் கணிப்பொறிக்கு நேர்ந்ததும் இத்தகையதே. முதல் நாள் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் மாறியது என் மென்பொருளன்று. எதிர்முனையில் ஒரு கதவு மூடப்பட்டிருந்தது.

இவ்வகை முறிவு நிறுவனங்களுக்குள்ளும் நிகழ்ந்ததுண்டு. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2010 என்னும் சர்வர் 2009 நவம்பரில் வெளியாயிற்று. அது தன்னிடம் வரும் மென்பொருள்கள் மறையாக்கத்தோடு பேச வேண்டும் என்பதை இயல்பு விதியாகக் கொண்டிருந்தது. அதே நிறுவனத்தின் அவுட்லுக் 2003, இயல்பு நிலையில் மறையாக்கமின்றிப் பேசுவது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாக இருந்தும் இரண்டும் பேசிக்கொள்ளவில்லை. மென்பொருளில் அந்த ஓர் அமைப்பை மாற்றினால் இணைப்புக் கிடைத்தது. ஆனால் சிக்கல் அத்தோடு முடியவில்லை. பிறர் எப்போது ஓய்வாக இருக்கின்றனர் என்னும் நாட்குறிப்புச் செய்தியைப் பழைய மென்பொருள் பொதுக் கோப்புறைகளில் தேடியது. புதிய முறையோ அதற்குத் தனிச் சேவை ஒன்றை அமைத்திருந்தது. புதிய கடிதம் வந்ததைப் பழைய மென்பொருளுக்கு உடனுக்குடன் தெரிவித்துவந்த வழியும் அச்சர்வரில் முதலில் இல்லை. 2010 ஆகஸ்டில் வந்த திருத்தத் தொகுப்பில் அந்தக் கட்டாய மறையாக்கம் இயல்பு விதியாக இல்லாதவாறு தளர்த்தப்பட்டது. பழையவர்களின் எண்ணிக்கை பெரிதாயின் புதியவரும் சற்று இறங்கிவர நேரும் என்பதற்கு இது சான்று.

மறையாக்கத்தோடு சான்றிதழ் என்பதும் உண்டு. தான் இன்னார் என்று காட்டச் சர்வர் ஒரு முத்திரைச் சான்றைத் தரும். அதற்கு உறுதி கூறும் தலைமைச் சான்றுகளின் பட்டியல் நம் இயந்திரத்தில் இருக்கும். அப்பட்டியல் பழையதாயின் மெய்யான சர்வரையும் அது ஐயுறும். 2021 செப்டம்பர் 30ஆம் நாள் அத்தகைய தலைமைச் சான்று ஒன்று காலாவதியானது. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பின் சான்றுகளை நாடிய பழைய கருவிகள் பல அன்று தடுமாறின. இயந்திரத்தின் கடிகாரம் தவறான ஆண்டைக் காட்டினாலும் இதே தொல்லை நேரும்.

இறுதியாக, கடவுச்சொல்லின் காலமும் மாறியது. ஒரே கடவுச்சொல்லை எல்லா மென்பொருள்களிடமும் ஒப்படைப்பது வீட்டுச் சாவியை ஊரெல்லாம் கொடுப்பதாகும். அதற்குப் பதிலாக, 2012இல் வகுக்கப்பட்ட ஓஆத் 2.0 என்னும் முறையில், மென்பொருளுக்குக் கடவுச்சொல் தரப்படுவதில்லை. இன்ன பணிக்கு மட்டும் செல்லும் அனுமதிச் சீட்டு தரப்படுகிறது. வேண்டாதபோது அச்சீட்டை மட்டும் செல்லாததாக்கலாம். கூகுள் நிறுவனம் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில், வெறும் கணக்குக் கடவுச்சொல்லைக் கொண்டு நுழையும் மென்பொருள்களை ஏற்பதை நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் இணையவழி எக்ஸ்சேஞ்ச் சேவையில் பாப், ஐமேப் முதலியவற்றுக்கு 2022 அக்டோபர் முதல் நாளிலிருந்து அவ்வாறே செய்தது. அவுட்லுக் 2010 முதலிய பழைய மென்பொருள்களுக்கு அனுமதிச் சீட்டு வாங்கத் தெரியாது. கடவுச்சொல் சரியாகவே இருக்கும். ஆனால் ‘கடவுச்சொல் தவறு’ என்ற விடையே வரும்.

அப்படியாயின் பழைய மென்பொருளை வைத்திருப்பவர் என் செய்வது? பதற்றமின்றி, நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். சர்வரின் பெயர் சரியா? வாயில் எண் சரியா? மறையாக்க வடிவம் இரு பக்கத்திற்கும் பொதுவாக உள்ளதா? அடையாளம் காட்டும் முறை பொருந்துகிறதா? வாயில் எண் என்றேன். மறையாக்கத்தோடு கூடிய ஐமேப் 993ஆம் எண்ணிலும், பாப் 995ஆம் எண்ணிலும், கடிதம் ஒப்படைத்தல் 465 அல்லது 587ஆம் எண்ணிலும் நிகழும். பழைய 110, 143 ஆகியவை மறையாக்கமின்றித் தொடங்கும் வாயில்கள். நான்கு கேள்விகளுள் எதில் தடை என்று தெரிந்தால் பாதி நோய் தீர்ந்தது.

தீர்வுகளும் உண்டு. முதலாவது, மென்பொருளையும் இயந்திரத்தின் அடிப்படை அமைப்பையும் புதுப்பித்தல், இதுவே தலைசிறந்தது. இரண்டாவது, சில சேவைகள் பழைய மென்பொருளுக்கென்றே தரும் தனிக் கடவுச்சொல்லைப் பெறுதல். ஆனால் இது அடையாளச் சிக்கலைத் தீர்க்குமேயன்றி மறையாக்கச் சிக்கலைத் தீர்க்காது. மூன்றாவது, இடையில் ஒரு துபாஷியை வைத்தல். ஸ்டன்னல் என்னும் புரோகிராம், பழைய மென்பொருளிடம் அதன் மொழியிலும், சர்வரிடம் புதிய மறையாக்கத்திலும் பேசும். டேவ்மெயில் என்பது எக்ஸ்சேஞ்ச் சர்வருக்கும் ஐமேப் மட்டும் அறிந்த மென்பொருளுக்கும் இடையே மொழிபெயர்க்கும். துபாஷியை நம் இயந்திரத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அயலாரிடம் விட்டால் நம் கடிதத்தை அவர் படிக்கக் கூடும். நான்காவதாக ஒரு வழியைச் சிலர் நாடுவர். சர்வரில் பழைய கதவை மீண்டும் திறந்துவிடச் சொல்வர். ஒருவருக்காகத் திறந்த கதவு எல்லாருக்குமே திறந்திருக்கும். ஆகவே அது கூடாது.

என் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். என் பழைய மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்து பார்த்தார். “ஐயா, உங்கள் மென்பொருளிடம் தவறில்லை; அதற்குப் புதிய பாஷை தெரியவில்லை, அவ்வளவுதான். மென்பொருளை மாற்றிக்கொள்ளலாம்” என்றார். “கடிதங்கள்?” என்று கேட்டேன். அவர் கோப்புகளைத் திறந்து காட்டினார். நல்வாய்ப்பாக, அந்த மென்பொருள் கடிதங்களை எம்பாக்ஸ் என்னும் பழைய யூனிக்ஸ் வழக்கப்படி, ஒன்றன்பின் ஒன்றாக, வெறும் எழுத்துக் கோப்பாகவே சேமித்து வைத்திருந்தது. கடிதத்தைச் சேமிக்கும் முறை பலரும் அறிந்த வெளிப்படை முறையாக இருந்தமையால், புதிய மென்பொருள் அவை அனைத்தையும் படித்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தன் தேர்வு முடிவைத் தெரிவித்து எழுதிய நான்கு வரிக் கடிதத்தை அன்று மாலை புதிய திரையில் மீண்டும் படித்தேன்.

யூடோராவின் வளர்ச்சி 2006ஆம் ஆண்டோடு நின்றது. ஆனால் 2018இல் அதன் மூலநிரல், கலிஃபோர்னியாவிலுள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தின் வாயிலாக எல்லாரும் படிக்குமாறு வெளியிடப்பட்டது. டாம்லின்சன் இன்றில்லை, போஸ்டல் 1998இலும், கிரிஸ்பின் 2012இலும் மறைந்தனர். ஆயினும் அவர்கள் எழுதிய விதிகள் இன்றும் எவரும் படிக்கும்படி திறந்தே இருக்கின்றன. அதனாற்றான் பழையதற்கும் புதியதற்கும் இடையே துபாஷி ஒருவனை உருவாக்க முடிகிறது. விதியை மறைத்து வைத்திருந்தால் பழைய பெட்டி பூட்டிய பெட்டியாகவே போயிருக்கும்.

இன்றைய புதிய சர்வரும் ஒரு நாள் பழையதாகும். நீங்கள் கற்றுப் பொறியாளர்களாகி இத்தகைய கருவிகளை அமைக்கும் நாள் வரலாம். அப்போது காப்பு கருதிக் கதவை மூட நேர்ந்தால், தயங்காமல் மூடுங்கள். ஆனால் மூடும் நாளை முன்கூட்டி அறிவியுங்கள். மூடுவதன் காரணத்தை எளிய சொற்களில் எழுதி வையுங்கள். உள்ளே இருப்பவர் தம் கடிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே வர ஒரு வழியையும் விட்டு வையுங்கள்.